ராணுவ நர்சிங் அசிஸ்டென்ட்: பேரக் வாழ்க்கையும் ரத்தத்தை நிறுத்தும் பயிற்சியும்

[காட்சி: விடியற்காலை, காசிமேடு கடற்கரைச் சாலை. ராணுவ ஆள்சேர்ப்புக்காக ஓடும் இளைஞர்கள்.]

குரல்: தொடையில ஓடுற பெரிய தமனி அறுந்துட்டா சில நிமிஷத்துல உயிர் போயிடும். வளர்ந்த ஆளோட உடம்புல மொத்தமே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான். எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரி ஏறி கால் நசுங்கினவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள என்ன ஆகும்னு நம்ம பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலை எல்லையில அந்த ஆஸ்பத்திரி பல மணி நேரத் தூரத்துல இருக்கும். அங்க அடிபட்டவர் பக்கத்துல முதல்ல முட்டி போடறவர் டாக்டர் இல்லை. பன்னிரண்டாவது முடிச்சிட்டு ராணுவத்துல சேர்ந்த நர்சிங் அசிஸ்டென்ட். இந்த வீடியோ அந்த வேலையைப் பத்தினது.

[காட்சி: வரைபடம். முன்வரிசை, ரெஜிமென்ட் முதலுதவி நிலையம், அடுத்த நிலை மருத்துவப் பிரிவு, ராணுவ மருத்துவமனை.]

இந்திய ராணுவ மருத்துவப் படை 1943 ஏப்ரல் 3ல உருவானது. அதோட பயிற்சி மையம் லக்னோவுல இருக்கு. ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனுக்கும் ஒரு டாக்டர், அவர் நடத்துற ஒரு முதலுதவி நிலையம், அவர்கூட சில நர்சிங் அசிஸ்டென்ட்கள். பட்டாலியன்ல இருந்து சண்டைக்குப் போற ஒவ்வொரு கம்பெனி, அதாவது உட்பிரிவு கூடவும் டாக்டர் போக முடியாது. நர்சிங் அசிஸ்டென்ட்தான் போவார்.

2001ல இருந்து 2011 வரைக்கும் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள்ல காயத்தால செத்துப்போன 4,596 அமெரிக்க வீரர்களோட பதிவுகளை அவங்க ராணுவ மருத்துவர்கள் ஆராய்ஞ்சாங்க. அதுல 87 சதவீதம் பேர் மருத்துவ நிலையத்துக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே இறந்திருக்காங்க. அப்படி இறந்தவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தரைக் காப்பாத்தியிருக்க வாய்ப்பு இருந்துச்சு. அந்த நாலுல ஒருத்தர் கணக்குல வர்றவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் செத்தது ரத்தப்போக்கால. பயிற்சியில ரத்தத்தை நிறுத்தறதுக்கு ஏன் இவ்வளவு நேரம் கொடுக்கறாங்கன்னு இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

[காட்சி: மதிப்பெண் சான்றிதழ், தேர்வு அறை.]

சேர்றதுக்கான தகுதியைச் சுருக்கமா சொல்லிடறோம். பன்னிரண்டாவதுல இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படிச்சிருக்கணும். மொத்தத்துல 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்துலயும் குறைஞ்சது 40 சதவீதம். முதல்ல கம்ப்யூட்டர்ல எழுத்துத் தேர்வு, அதுல தேறினாத்தான் ஓட்டமும் உடல்தகுதியும். ஆள்சேர்ப்பு அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில, பாரிமுனையில இருந்து நடந்தே போயிடலாம். சீட்டு வாங்கித் தர்றேன்னு பணம் கேக்கற ஏஜென்ட் யாரா இருந்தாலும் அவன் ஏமாத்துறான். வட சென்னைக் குடும்பங்கள் நகையை அடகு வெச்சு இப்படிக் கொடுக்கறது மனசு வலிக்குது. தயவுசெஞ்சு கொடுக்காதீங்க.

[காட்சி: நீளமான பேரக், வரிசையா கட்டில்கள், ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு டிரங்குப் பெட்டி.]

உள்ள போன முதல் நாள்ல இருந்து நீங்க 'ரங்ரூட்', சொல்லித் தர்றவர் 'உஸ்தாத்', சாப்பாட்டு இடம் 'லங்கர்'. கட்டளை எல்லாமே ஹிந்தி. நம்ம பசங்க நிறையப் பேர் முதல்ல தடுமாறுறது ஓட்டத்துல இல்லை, இதுலதான். வலது இடது, நில் நட, எண்ணிக்கை, உடம்போட பாகங்கள், 'எங்க வலிக்குது', 'மூச்சு விட முடியுதா'. இதுங்களுக்கான ஹிந்தி வார்த்தைகளைப் போறதுக்கு முன்னாடியே வாயில வர்ற அளவுக்குப் பழகிடுங்க. பின்னாடி காயம்பட்டவர்கிட்ட நீங்க பேசப்போறதும் அதே வார்த்தைகள்தான்.

பேரக்ல தனி இடம்னு ஒண்ணு கிடையாது. கட்டில், பெட்டி, கொசுவலை, அவ்வளவுதான். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, படுக்கையை மடிச்சு, ஷேவ் பண்ணி, பூட்ஸ் பாலிஷ் போட்டு பி.டி. மைதானத்துல வரிசையில நிக்கணும். போன் எப்பக் கிடைக்கும்னு உஸ்தாத்தான் முடிவு பண்ணுவார். வீட்டுல அம்மாகிட்ட இதை முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க, இல்லைன்னா ரெண்டு நாள் போன் வரலைன்னா பதறிப் போயிடுவாங்க.

லக்னோ குளிரை யாரும் லேசா எடுத்துக்காதீங்க. டிசம்பர், ஜனவரியில வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழ இறங்கிடும், மே மாசத்துல 40ஐத் தாண்டிடும். கடல்காத்துல வளர்ந்த உடம்புக்கு ரெண்டுமே புதுசு.

பயிற்சியில ஆளைப் படுக்க வைக்கிற பிரச்சனைகள் சின்னச் சின்னதாத்தான் ஆரம்பிக்கும். முதல்ல கால் கொப்புளம். புது பூட்ஸ், ஈர சாக்ஸ், உரசல் மூணும் சேர்ந்தா ஒரே நாள்ல குதிகால் பிஞ்சிடும். தோல் சிவந்து சுடும்போதே டேப் ஒட்டிடணும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டி லாபமில்லை. ரெண்டாவது, தொடை இடுக்குல படர்தாமரை. வியர்வைத் துணியோட தூங்கறது, ஒரே துண்டை ரெண்டு பேர் பயன்படுத்தறது, கடையில கிடைக்கற ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவறது. அந்தக் களிம்பு அரிப்பை அடக்கிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிடும். மூணாவது சளிக்காய்ச்சல். ஒரே கூரைக்குக் கீழ இத்தனை பேர் மூச்சு விடும்போது ஒருத்தருக்கு வந்தா வரிசையா வரும். கட்டில்களைத் தலை, கால்னு மாத்தி மாத்திப் போடறது இதுக்காகத்தான்.

இந்த மூணையும் நாங்க இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பட்டாலியனுக்குப் போன பிறகு நர்சிங் அசிஸ்டென்டோட தினசரி வேலை இதுதான்: காலைப் பார்க்கறது, தோலைப் பார்க்கறது, தண்ணி சுத்தமான்னு பார்க்கறது. தன் காலையே பார்த்துக்காதவர் நூறு பேர் காலைப் பார்க்க மாட்டார்.

வெப்பத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை. எடை குறைக்கறதுக்காக நம்ம பக்கம் பசங்க வெயில்ல பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுட்டு ஓடறாங்க. இதை உடனே நிறுத்துங்க. வியர்வை காயலைன்னா உடம்பு குளிராது. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் உளற ஆரம்பிச்சா அது வெப்பத்தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக். அப்பப் பண்ண வேண்டியது முதல்ல குளிர வைக்கறது, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. கழுத்து வரைக்கும் குளிர்ந்த தண்ணித் தொட்டியில இறக்கி, தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கணும். தொட்டி இல்லைன்னா நனைச்ச துணியைப் போர்த்தி, தண்ணியை விடாம ஊத்தி விசிறணும். அரை மணி நேரத்துக்குள்ள சூடு இறங்கணும். புது ஊர் வெயிலுக்கு உடம்பு பழக 10லிருந்து 14 நாள் ஆகும். அதுவரைக்கும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்.

[காட்சி: மேஜை மேல டூர்னிக்கே. பட்டை, திருகுக் குச்சி, கொக்கி, நேரம் எழுதும் வெள்ளைப் பட்டை ஒவ்வொண்ணும் அருகாமைக் காட்சியில்.]

இப்ப முக்கியமான பாகம். 1996ல அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் போர்க்கள முதலுதவிக்கு ஒரு முறையை வெளியிட்டாங்க. இன்னைக்குப் பல நாட்டு ராணுவங்கள் அதைப் பின்பத்துது. ஆங்கில முதலெழுத்துகளை வெச்சு 'மார்ச்'னு (MARCH) அதுக்கு ஒரு வரிசை: முதல்ல பெரிய ரத்தப்போக்கு, அப்புறம் மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், கடைசியா உடம்புச் சூடும் தலைக்காயமும். சாதாரண முதலுதவியில மூச்சுப்பாதையில ஆரம்பிப்பாங்க. இங்க ரத்தம்தான் முதல்ல.

டூர்னிக்கேன்னா கை காலை இறுக்கி ரத்தத்தை நிறுத்தற பட்டை. அதைப் போடறது பார்க்க எளிது. தப்பு நடக்கற இடங்களைக் கவனிங்க.

குண்டு பாயற இடத்துல காயத்தைத் தேடிட்டு இருக்கக் கூடாது. உடுப்பு மேலயே, கை கால்ல எவ்வளவு மேல முடியுமோ அவ்வளவு மேல போடணும். அந்த இடத்துப் பாக்கெட்ல போன், சாவி இருந்தா முதல்ல எடுத்து எறியுங்க. அது இருந்தா பட்டை சதையை அழுத்தாது.

அடுத்தது பட்டையை இழுக்கறது. பெரும்பாலான தோல்வி இங்கதான் நடக்குது. குச்சியைத் திருகறதுக்கு முன்னாடியே பட்டைக்கு அடியில மூணு விரல் நுனி நுழைய முடியாத அளவுக்கு இறுகியிருக்கணும். பட்டை தொளதொளன்னு இருக்கும்போது திருகினா, திருகத் திருகப் பட்டைதான் முறுக்கிக்கும், கால் இறுகாது. குச்சியே உடையலாம். அதைவிட மோசமானது அரைகுறை இறுக்கம். அது திரும்பி வர்ற ரத்தத்தை மட்டும் அடைக்கும், உள்ள போற ரத்தத்தை விட்டுடும். அப்போ ரத்தப்போக்கு முன்னைவிட அதிகமாயிடும்.

ரத்தம் நிக்கற வரைக்கும் திருகிட்டு, குச்சியைக் கொக்கியில மாட்டி, வெள்ளைப் பட்டையால மூடி, போட்ட நேரத்தை எழுதணும். பாதத்துலயோ மணிக்கட்டுலயோ நாடி இன்னும் துடிச்சா இறுக்கம் பத்தலை. அப்பவும் நிக்கலைன்னா பக்கத்துலயே மேல்பக்கமா இன்னொண்ணு போடணும். மூட்டு மேல போடக் கூடாது.

வலி தாங்காம அவர் கத்துவார். அவிழ்த்து விடுன்னு கெஞ்சுவார். அவிழ்க்கக் கூடாது. சரியாப் போட்ட டூர்னிக்கே வலிக்கும். பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் தளர்த்துன்னு பழைய முதலுதவி வகுப்புகள்ல சொல்லிக் கொடுத்தாங்க. ஒவ்வொரு தளர்த்தலுக்கும் உறைஞ்ச ரத்தக்கட்டி விலகி இன்னும் கொஞ்சம் ரத்தம் போகும், அதனால அந்தப் பழக்கம் வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் உடுப்பை வெட்டி, காயத்துக்கு 5லிருந்து 7 சென்டிமீட்டர் மேல, தோல் மேலயே ஒண்ணு போட்டுட்டு முதல்ல போட்டதை எடுக்கலாம். நிலைமை இடம் கொடுத்தா 2 மணி நேரத்துக்குள்ள அழுத்தக் கட்டுக்கு மாத்தப் பார்ப்பாங்க. 6 மணி நேரம் தாண்டிட்டா ஆஸ்பத்திரிக்கு வெளியே அதைத் தொடக் கூடாது.

2006ல பாக்தாத் ராணுவ மருத்துவமனையில பதிவு பண்ணினதுல, ரத்தம் குறைஞ்சு அதிர்ச்சி நிலைக்குப் போறதுக்கு முன்னாடி டூர்னிக்கே போட்டவங்கள்ல 90 சதவீதம் பேர் பிழைச்சாங்க. அதிர்ச்சிக்கு அப்புறம் போட்டவங்கள்ல 10 சதவீதம்தான்.

[காட்சி: பயிற்சி பொம்மையின் இடுப்புக் காயத்துல காஸ் துணி திணிக்கப்படுது.]

தொடை இடுக்கு, அக்குள் இங்கெல்லாம் டூர்னிக்கே ஏறாது. அங்க காஸ் துணியைத் திணிக்கணும். விரலால ரத்தம் பீறிடற இடத்தைத் தேடி, துணியை அங்கயே, எலும்பு பக்கமா அமுக்கி அமுக்கி, குழி நிரம்பற வரைக்கும் விடாம திணிச்சு, ரெண்டு கையாலயும் உடம்பு பாரம் கொடுத்து அழுத்தணும். ரத்தம் உறைய வைக்கற மருந்து ஏத்தின துணின்னா 3 நிமிஷம். சாதாரணத் துணின்னா 10 நிமிஷம். நின்னுடுச்சான்னு தூக்கிப் பார்த்தீங்கன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நெஞ்சுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் இப்படித் திணிக்கக் கூடாது.

நெஞ்சுல ஓட்டை இருந்தா காத்துப் புகாத ஒட்டுப் பட்டை. ஒட்டின பிறகு மூச்சுத் திணறல் கூடினா ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ள அடைஞ்ச காத்தை வெளியே விடணும். முதுகுப் பக்கத்தையும் தடவிப் பார்க்க மறக்காதீங்க, குண்டு வெளியேறின ஓட்டை அங்க இருக்கலாம்.

போர்வையை மறந்துடறவங்கதான் அதிகம். ரத்தம் இழந்தவர் 35 டிகிரி வெயில்லயும் குளிர்ந்து போவார். குளிர்ந்த ரத்தம் சரியா உறையாது. மேல மூடினா மட்டும் போதாது, சூட்டை உறிஞ்சறது தரைதான். அதனால அவருக்குக் கீழயும் எதையாவது விரிக்கணும். ஆனா டூர்னிக்கே மேல போர்வை மூடிடக் கூடாது.

[காட்சி: இருட்டு அறை, சத்தம், சிவப்பு டார்ச்.]

அமெரிக்காவுல இதே வேலைக்கு 10 வாரம் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் டெக்சாஸ்ல இருக்கற ஃபோர்ட் சாம் ஹூஸ்டன்ல 16 வாரம். முதல் பாதியில ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் தேசியத் தேர்வு, அதுல தேறினாத்தான் போர்க்காயப் பாடம், கடைசியில காட்டுப் பயிற்சி. எந்த நாடா இருந்தாலும் வகுப்புல சரியாப் பண்ணினவர் ஓடி வந்து, மூச்சு வாங்கி, கை வழுக்கும்போது தப்புப் பண்றார். விரல் நடுங்கும்போது சின்னக் கொக்கி மாட்டாது. அதனாலதான் ஸ்ட்ரெச்சர் சுமந்து ஓடவிட்டு, தூக்கத்தைக் கெடுத்து, கண்ணைக் கட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்பப் போடச் சொல்றாங்க. முதலுதவிக் கிட்டுல டூர்னிக்கேயைப் பிளாஸ்டிக் உறையோட வைக்க மாட்டாங்க. உறையைப் பிரிச்சு, வளையத்தைத் திறந்து, ரெண்டு கையும் எட்டற இடத்துல வைப்பாங்க. பயிற்சிக்குப் பயன்படுத்தினதை நிஜக் கிட்டுல சேர்க்கக் கூடாது, அதோட பட்டையும் குச்சியும் தேஞ்சிருக்கும்.

[காட்சி: காசிமேடு, அதே கடற்கரைச் சாலை.]

விண்ணப்பிச்சிட்டுக் காத்திருக்கற மாசங்கள்ல இங்கிருந்தே ஆரம்பிக்கலாம். முழங்கால் தாங்கற மண் தரையில ஓடுங்க, தார்ச்சாலையை வாரத்துல ரெண்டு நாளோட நிறுத்துங்க. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்துற முதலுதவி வகுப்புல சேருங்க. நண்பனைத் தோள்ல தூக்கி 50 மீட்டர் நடந்து, இறக்கின உடனே, மூச்சு வாங்கிக்கிட்டே, அவன் மணிக்கட்டுல நாடி பிடிச்சு 30 வினாடி எண்ணுங்க. இன்னொருத்தர் அவனோட மறு கையில எண்ணட்டும். ரெண்டு எண்ணும் ஒத்துவர்ற வரைக்கும் தினமும் பண்ணுங்க.