கரையில் கிடைக்கும் சில மணி நேரம்

[காட்சி: இரவு, மெரினா. அடிவானத்தில் வரிசையாக விளக்குகள்.]

மெரினா மணலில் இரவு உட்கார்ந்து கடலைப் பார்த்தவர்கள் தொலைவில் அசையாமல் நிற்கும் விளக்குகளைக் கவனித்திருப்பார்கள். அவற்றில் பல, சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைய முறை வருவதற்காக நங்கூரமிட்டுக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள். ஒரு பெரிய கப்பலில் பொதுவாக 20 முதல் 25 பேர் வேலை செய்கிறார்கள். நாம் அவர்களுடைய விளக்கைப் பார்ப்பதுபோல அவர்களும் நம் ஊரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த ஊர் மண்ணை மிதிக்காமலேயே அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வருகிறவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லும் பழக்கமுள்ள நாம், கடல் வழியே வரும் இந்த விருந்தினருக்கு என்ன செய்கிறோம், என்ன செய்ய முடியும் என்பதே இந்தக் காணொளி.

[காட்சி: ராஜாஜி சாலை, பகல். துறைமுக வாயிலில் டிரெய்லர் லாரிகளின் வரிசை.]

சென்னைத் துறைமுகம் 1881 முதல் இயங்கிவருகிறது. மூட்டைகளையும் பெட்டிகளையும் கொக்கி போட்டுத் தூக்கி இறக்கிய காலத்தில் ஒரு கப்பல் பல நாட்கள் கரையோரம் நிற்கும். மாலுமிகள் பாரிமுனைவரை நடந்து, கடிதம் போட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப நேரம் இருந்தது. 1983இல் இங்கே கன்டெய்னர் முனையம் வந்தது. இன்று ஒரு கன்டெய்னர் கப்பல் ஒரு நாளுக்குள்ளேயே சரக்கை இறக்கி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த ஒரு நாளிலும் மாலுமிக்கு விடுமுறை இல்லை. சரக்கைக் கண்காணிக்க வேண்டும், எரிபொருளும் மளிகையும் ஏற்ற வேண்டும், ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், இவற்றுக்கிடையே சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் 10 மணி நேர ஓய்வையும் எடுக்க வேண்டும். எல்லாம் போக மிஞ்சுவது நான்கு மணி நேரம் என்றால் அது நல்ல நாள்.

அந்த நான்கு மணி நேரத்திலும் கரையில் இறங்கக் குடியேற்றத் துறை தரும் அனுமதிச் சீட்டான ஷோர் பாஸுக்காகக் காத்திருப்பது ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கப்பல் மற்றும் துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபின் உலகெங்கும் துறைமுக வாயில்களில் கெடுபிடி கூடியது. பாதுகாப்பு அவசியம்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் அதன் சுமை கப்பலைவிட்டுச் சற்று வெளியே வர ஆசைப்பட்டவர்மீது விழுந்தது. வாயிலைத் தாண்டும்வரை டிரெய்லர்களுக்கும் கிரேன்களுக்கும் நடுவே நடந்து வருவதும் ஆபத்து. ஆகவேதான், மாலுமிகளுக்குச் சேவை செய்கிறவர்களைக் கேட்டால், விருந்தையோ பரிசையோ சொல்வதற்கு முன் ஒரு வேனைச் சொல்வார்கள். கப்பலின் ஏணியடியிலிருந்து கடைத்தெருவுக்கும், அங்கிருந்து திரும்பவும், காசு வாங்காமல் ஓடும் ஒரு வேன் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. அவருக்கு நாம் தரக்கூடியவற்றில் அதைவிடப் பெரியது குறைவு.

[காட்சி: கப்பல் பக்கவாட்டில் தொங்கும் ஏணி. தலைக்கவசமும் ஒளிரும் மேலங்கியும் அணிந்த ஒருவர் ஏறுகிறார்.]

எல்லோரும் இறங்கி வர முடியாது என்பதால் இறங்காதவரிடம் நாமே ஏறிப் போக வேண்டியிருக்கிறது. இதற்கென்றே கப்பல் கப்பலாகச் சென்று மாலுமிகளைச் சந்திப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1856இல் தொடங்கிய மிஷன் டு சீஃபேரர்ஸ் அமைப்பும், கிளாஸ்கோவில் 1920இல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் அமைப்பும் கிறிஸ்தவ அமைப்புகளே என்றாலும், எந்த மதத்தவர், எந்த நாட்டவர் என்று பார்க்காமல் உலகத் துறைமுகங்களில் இந்தப் பணியைச் செய்கின்றன. ஏணியின் மேல்படியில் காவலில் நிற்பவரிடம் அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, கப்பலின் உணவு அறைக்குப் போய் உட்கார வேண்டும். தோளில் மாட்டிய பையில் வைஃபை கருவி, சார்ஜர், பல மொழிச் செய்தித்தாள்கள், பற்பசை, சோப்பு என்று சின்னச் சின்னப் பொருட்கள் இருக்கும். வெளிநாட்டவர் இங்கே ஒரு சிம் கார்டு வாங்க ஆவணங்களும் நேரமும் தேவைப்படுவதால், அந்த வைஃபை கருவியைச் சுற்றித்தான் முதலில் கூட்டம் சேரும்.

காலை பத்து மணித் தேநீர் இடைவேளையில் போவது நல்லது என்பது அனுபவசாலிகள் சொல்லித்தரும் பாடம். இன்னொன்றும் சொல்வார்கள்: எடுத்த எடுப்பில் “உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்பவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. மேலதிகாரியும் அதே மேசையில் இருக்கலாம். புகார் சொன்னவர் என்ற பெயர் அடுத்த ஒப்பந்தத்தையே கெடுத்துவிடலாம். ஊரைப் பற்றி, பிள்ளையின் படிப்பைப் பற்றி, கப்பல் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தால், கிளம்பும் நேரத்தில் ஒருவர் ஏணிவரை கூடவே வந்து, மூன்று வாரமாகப் பல்வலி என்பார். துறைமுகத்தில் இயன்றவரை தாமதமின்றி மருத்துவரையோ பல் மருத்துவரையோ பார்ப்பது அவருடைய உரிமை. அது அவருக்குத் தெரிந்திருக்காது, அல்லது கேட்கத் தயக்கமாக இருந்திருக்கும்.

உரிமை என்ற சொல்லை எண்ணித்தான் பயன்படுத்துகிறோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013 ஆகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபர் 9 அன்று அதை ஏற்றுக்கொண்டது. கரைக்குச் செல்லும் விடுப்பு, துறைமுகத்தில் நலவசதிகள், பாகுபாடின்றி அவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஆகியவை அதில் இடம்பெற்றிருக்கின்றன. 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் உள்ள திருத்தங்கள், துறைமுகத்தில் மட்டுமல்லாமல், அதைச் சார்ந்த நங்கூரப் பகுதியில் நிற்கும் கப்பல்களிலும் நியாயமான கட்டணத்தில் இணையம் கிடைக்க இயன்றதைச் செய்யுமாறு நாடுகளுக்குப் பரிந்துரைக்கின்றன. மெரினாவிலிருந்து தெரியும் அந்த விளக்குகளும் இதில் அடங்கும்.

[காட்சி: பெசன்ட் நகர் கடற்கரை.]

நங்கூரப் பகுதியைப் பற்றிப் பேசும்போது சென்னைக்காரர்களுக்கு 2012 அக்டோபர் 31 நினைவுக்கு வர வேண்டும். நீலம் புயலன்று, துறைமுகத்துக்கு வெளியே நின்றிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் அலையில் இழுத்துவரப்பட்டு பெசன்ட் நகர் அருகே தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகள் அது கவிழ்ந்து கடலில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள், சிலரைக் கரையோர மீனவர்கள் நீந்தியும் படகில் சென்றும் காப்பாற்றினார்கள். கப்பலில் உணவுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு இருந்தது, சம்பளம் பாக்கி இருந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். இரண்டு மாதச் சம்பளம் தரப்படாவிட்டாலே மாலுமிகள் கைவிடப்பட்டவர்களாகக் கருதப்பட வேண்டும் என்றும், அவர்களுடைய உணவு, ஊர் திரும்பும் செலவு, நான்கு மாதம்வரையிலான சம்பளம் ஆகியவற்றுக்குக் கப்பல் உரிமையாளர் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றும் 2017 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஆனால் விதி தானாக ஏணி ஏறிப் போவதில்லை. யாராவது போய்ப் பார்த்து, கேட்டு, உரிய அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

[காட்சி: மாலுமிகள் மையத்தின் உள்ளே. காலி நாற்காலிகள், ஒரு மின்விசிறி.]

சென்னைத் தன்னார்வலர் ஒருவர் எங்களிடம் ஒரு நாளை விவரித்தார். சரக்கு இறக்க மூன்று நாள் நிற்கவிருந்த ஒரு கப்பலின் உணவு அறையில், ஏழு மாதமாகக் கடலில் இருந்த தூத்துக்குடி ஃபிட்டர் ஒருவர் இவரைத் தனியே அழைத்து, “அண்ணாச்சி, எங்க வீட்ல நைட்டு வண்டியப் பிடிச்சு வாரேன்னு சொல்லுதா. பாக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறார். சொந்த மாநிலத்தின் துறைமுகத்திலேயே நின்றும் வீட்டுக்குப் போக முடியாத நிலை அவருக்கு. தன்னார்வலர் கேப்டனிடம் பேசினார், கப்பல் ஏஜென்டிடம் பேசினார். மறுநாள் மதியம் ஒரு மணி முதல் ஐந்து மணிவரை அந்த ஃபிட்டருக்கு விடுப்பு கிடைத்தது.

காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்திறங்கிய மனைவி, கையில் ஒரு டப்பா மக்ரூனும் நான்கு வயதுப் பெண் குழந்தையுமாக மாலுமிகள் வந்து இளைப்பாறும் மையத்தில் காத்திருந்தார். ஒன்றே காலுக்கு வேன் வந்தது. ஃபோன் திரையில் தினமும் பார்த்த அப்பாவை நேரில் கண்ட குழந்தை, முதல் அரை மணி நேரம் அம்மாவின் சேலைக்குப் பின்னாலேயே நின்றது. அவர் வற்புறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து மக்ரூனை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் குழந்தையே வந்து ஒன்றை எடுத்தது.

நாலரைக்கு வேன் கிளம்ப வேண்டும். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று விடைகொடுக்கப் போனபோது, தன்னார்வலர் வேனின் கதவைத் திறந்துபிடித்தபடி சொன்னார்: “நீங்களும் ஏறுங்கம்மா. கேட் வரைக்கும் வந்துட்டு இதே வண்டியில திரும்பிடலாம். அந்தப் பத்து நிமிஷம் எதுக்கு வீணாப் போகணும்?”