மூச்சு விடும் இடமெல்லாம் கமா போடலாமா?

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார், இந்த முறை சாதாரண தரம் எழுதப் போகிறவர். "சேர், வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறோமோ அங்கே கமா போட வேண்டும் என்று படித்தேன். அப்படித்தான் போடுகிறேன். ஆனால் ஆங்கிலக் கொப்பி திரும்பி வரும்போது கமா எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. எங்கே பிழை?" தான் எழுதிய ஒரு வசனத்தையும் அனுப்பியிருக்கிறார்: "மை மதர், கோஸ் டு த ஃபீல்ட் அட் செவன், ஷி கம்ஸ் ஹோம் அட் ஃபைவ்."

தங்கச்சி, அந்த வசனத்தில் இரண்டு கமா இருக்கிறது, இரண்டுமே நிற்காது. ஆனால் காரணம் வேறு வேறு.

முதல் கமாவைப் பாருங்கள். "மை மதர்" என்று சொன்னதும் நிறுத்தியிருக்கிறீர்கள். தமிழில் நாம் அப்படித்தான் பேசுவோம். "எங்கம்மா..." என்று ஒரு இழுவை இழுத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்வோம். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் தனிக் கமா வரக் கூடாது. எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும், வாசிக்கும்போது மூச்சு முட்டினாலும் வரக் கூடாது. வந்தால் சோடியாக வரலாம். "மை மதர், எ டீ பிளக்கர், கோஸ் டு த ஃபீல்ட்" என்றால் சரி. நடுவில் சொருகிய துண்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

இரண்டாவது கமாதான் நம் பிள்ளைகளை அதிகம் விழுத்துகிற கமா. எச்சம், முற்று காணொளியைப் பார்த்தவர்கள் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே ஊகித்திருப்பார்கள். இதே விஷயத்தைத் தமிழில் சொல்லுங்கள். "அம்மா ஏழு மணிக்கு மலைக்குப் போய், கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருவார்." எத்தனை வேலை! ஆனால் வசனத்தை முடித்துவைக்கும் முற்றுவினை ஒன்றே ஒன்று, "வருவார்". போய், பறித்து, கொடுத்துவிட்டு எல்லாம் எச்சம். எச்சம் தன்னால் நிற்காது, அடுத்ததைத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே காற்புள்ளி போட்டு நகரலாம். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது எச்சங்கள் முற்றாகிவிடுகின்றன, காற்புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதுதான் பிழை. "ஷி கம்ஸ் ஹோம் அட் ஃபைவ்" என்பதில் எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, அது தனி வீடு. இரண்டு முழு வசனங்களை ஒரு கமா மட்டும் தாங்காது. முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது கமாவுக்குப் பிறகு "அண்ட்", "பட்", "சோ" என்று ஒன்றைப் போடுங்கள்.

ஆகவே மூச்சைப் பார்க்காதீர்கள். எச்சமா, முற்றா என்று பாருங்கள். "வென் ஷி கம்ஸ் ஹோம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் "சரி, வந்ததும் என்ன?" என்று காத்திருப்பார். அது நம் எச்சம் மாதிரி. அது முன்னால் வந்தால் அதன் முடிவில் கமா. அதையே பின்னால் தள்ளினால், "வி ட்ரிங்க் டீ வென் ஷி கம்ஸ் ஹோம்", பெரும்பாலும் கமா வேண்டாம். "பிகாஸ்" என்பதற்கும் இதே கணக்குத்தான்.

மூச்சுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அது மிகப் பழைய கணக்கு. கிறிஸ்துவுக்கு முன் 200 வாக்கில் அலெக்சாந்திரியா நூலகத்தில் அரிஸ்டோஃபனீஸ் என்ற அறிஞர், உரக்க வாசிப்பவர் எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று காட்ட, வெவ்வேறு உயரத்தில் புள்ளி வைத்தார். கொம்மா என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெட்டிய துண்டு என்று பொருள். இன்று நாம் போடும் வளைந்த வடிவம் 1490களில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூசியஸின் அச்சகம் வழியாகப் பரவியது. நம்முடைய காற்புள்ளி, அரைப்புள்ளி என்ற பெயர்களிலும் கால், அரை என்ற அளவு ஒட்டிக்கொண்டிருக்கிறதே. பேச்சுக்கு அது சரி. இன்றைய ஆங்கில எழுத்தில் கமா பொருளைப் பிரித்துக் காட்டுகிறது.

பட்டியலில் "அண்ட்" என்பதற்கு முன் வரும் கமாவைப் பற்றி இன்னும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் மெயின் மாநிலத்துப் பால் லொறிச் சாரதிகளின் வழக்கை முன்பு ஒரு காணொளியில் சொல்லியிருக்கிறேன். சட்டத்தில் இல்லாத ஒரு கமாவால் 2018இல் 50 லட்சம் டொலருக்குச் சமரசம் ஆனது. அந்தக் காணொளியைப் போய்ப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் ஆசை வேறு ஒரு கேள்விக்கு. "ஹூ" என்பதற்கு முன் கமா எப்போது? இதை யாருமே கேட்பதில்லை.

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். பழைய லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கூரைத் தகரம் ஓட்டை விழுந்துவிட்டது. தோட்ட அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரச் சொல்லி அங்கிருந்தவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் எழுதினேன்: "த ஃபேமிலீஸ், ஹூ லிவ் இன் த ஓல்ட் லைன்ஸ், நீட் நியூ ரூஃபிங் ஷீட்ஸ்." வாசித்துப் பார்த்தேன், மூச்சு விடும் இடத்தில் இரண்டு கமா. அலுவலகத்திலிருந்து கடிதம் திரும்பி வந்தது. எல்லாக் குடும்பமும் பழைய லயத்தில் இல்லையே, யாருக்குத் தகரம் என்று தெளிவாக எழுதுங்கள் என்றார்கள். அந்த இரண்டு கமாவும் "எல்லாக் குடும்பங்களும் அங்கேதான் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டன. கமாவை எடுத்திருந்தால் "பழைய லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும்" என்று ஆகியிருக்கும். தமிழில் "பழைய லயத்தில் இருக்கும் குடும்பங்கள்" என்றால் இரண்டையும் குறிக்கும், "இருக்கும்" என்ற நம் பெயரெச்சத்துக்குள் கமா நுழைய இடமில்லை. அதனால்தான் நமக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. மறுபடி எழுதிக் கொடுப்பதற்குள் மழை பிடித்துவிட்டது. ஒரு வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று சட்டி, கட்டில் மேல் ஒரு பேசின் வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்தக் கடிதத்தின் கார்பன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

"மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் ஹட்டன்" என்று கமா இல்லாமல் எழுதினால் எனக்கு வேறு சகோதரர்களும் இருக்கிறார்கள், ஹட்டனில் இருப்பவரைச் சொல்கிறேன் என்று அர்த்தம். கமா போட்டால் எனக்கு ஒரே ஒரு சகோதரர், அவர் ஹட்டனில் இருக்கிறார். கமாவைப் போடுவதற்கு முன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

தங்கச்சி, உங்கள் வசனத்தை இப்படி எழுதுங்கள்: "மை மதர் கோஸ் டு த ஃபீல்ட் அட் செவன், அண்ட் ஷி கம்ஸ் ஹோம் அட் ஃபைவ்." பிறகு அம்மாவைப் பற்றி இன்னும் ஐந்து வசனம் எழுதி அனுப்புங்கள், அடுத்த காணொளியில் எடுத்துப் பார்ப்போம். அரைப்புள்ளி பற்றிக் கேட்ட பண்டாரவளைத் தம்பிக்கும் அதிலேயே சொல்கிறேன்.