கதை கேட்கும் கைகள்

நேயர்களுக்கு வணக்கம். அழகு நிலையங்களிலும் சலூன்களிலும் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்யும் தங்கைகளோடும் தம்பிகளோடும்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நானும் இதே தொழிலில் இருப்பவள். கால் வலியையும் முதுகு வலியையும் பற்றி நமக்குள் ஓயாமல் பேசிக்கொள்கிறோம். கடையைப் பூட்டும் நேரத்தில் மனசு ஏன் இப்படிக் கனக்கிறது என்பதை மட்டும் யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

வருகிறவர்கள் நம்மிடம் மனம் விட்டுப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறோம். முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதை, கண்ணாடியைப் பார்த்தபடி சொல்லிவிடலாம். தலையில் இதமாக ஒரு கை படுகிறது. நமக்கு அவர்கள் வீட்டு மனிதர்கள் யாரையும் தெரியாது. எமரி கோவன் என்ற அமெரிக்க உளவியலாளர், மக்கள் தங்கள் மனக்கஷ்டத்தை யாரிடமெல்லாம் போய்ச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்து 1982-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு குழுக்களில் சிகை அலங்காரக் கலைஞர்களும் உண்டு. ஆலோசகருக்கான பயிற்சி நமக்குக் கிடையாது. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு வந்துவிடுகிறது.

தலை அலசும் பேசினில் இதை நன்றாகப் பார்க்கலாம். கழுத்தைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் சிலருக்குக் கண்ணோரம் ஈரம் கோத்து, காதுப் பக்கமாக வழியும். ஷாம்பு தண்ணீர் எது, கண்ணீர் எது என்பது நமக்குத் தெரியும். அப்போது "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். விரல் அதே வேகத்தில் நகரட்டும். துண்டை எடுத்து நெற்றியோரம் ஒற்றிவிடுங்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நாமாகக் கேட்டு வாங்கினால், அந்தப் பாரத்தில் பாதி நம் தலையில்தான் விழும்.

கேட்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது. "இவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும்" என்று நினைப்பது ஒன்று. "எனக்கு இப்படி நடந்தால்" என்று அவர் இடத்தில் நாமே போய் உட்கார்ந்துகொள்வது இன்னொன்று. டேனியல் பேட்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997-இல் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் வகையில் பரிவு பிறக்கிறது. இரண்டாவதில் பரிவோடு கூடவே கேட்பவரின் சொந்தத் தவிப்பும் ஏறிக்கொள்கிறது. நம்மைத் தின்பது இந்தத் தவிப்புதான் என்பேன். அடுத்தவர் கதைக்குள் நாம் இறங்குவது தெரிந்ததும், கையில் இருக்கும் வேலைக்குத் திரும்பிவிடுங்கள்: சீப்பில் பிடித்திருக்கும் முடிக்கற்றை, கத்தரியின் கோணம், தரையில் பதிந்திருக்கும் உங்கள் பாதம். காது கேட்டுக்கொண்டே இருக்கும், மனம் மட்டும் நம் இடத்தில் நிற்கும்.

யோசனை சொல்லவும் அவசரப்படாதீர்கள். "அவரை விட்டுட்டு வந்துடுங்க அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதன் பலாபலன் அடுத்த மாதம் நம் நாற்காலியைத் தேடி வரும். "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றால் போதும். இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அப்பாயின்ட்மென்டுக்குக் கடை எண்ணைக் கொடுங்கள், சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். ராத்திரி படுக்கப் போகும்போது வரும் நீளமான வாய்ஸ் மெசேஜுக்குச் சம்பளமும் இல்லை, முடிவும் இல்லை.

மனதுக்குள் ஒன்று, முகத்தில் ஒன்று என்று நாளெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பதும் ஆளை உருக்கிவிடும். வேலைக்காக உணர்ச்சியை வரவழைத்துக் காட்டுவதும் ஒரு உழைப்புதான் என்று விமானப் பணிப்பெண்களை வைத்து 1983-இல் விளக்கியவர் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு. துக்கத்தைச் சொல்லும் ஒருவர் முன்னால் நாம் சிரிக்க வேண்டியதில்லை, அமைதியான முகமே மரியாதைதான். ஒருவர் எழுந்து போனதும் சீப்பைக் கழுவுகிறோம், உதிர்ந்த முடியைக் கூட்டுகிறோம், கை கழுவுகிறோம். இவற்றைப் பறக்கப் பறக்கச் செய்யாமல், இரண்டு மூச்சு ஆழமாக இழுத்து விட்டு நிதானமாகச் செய்யுங்கள். போனவரின் கதையைப் பக்கத்து நாற்காலித் தோழியிடம் ஒப்பிக்க வேண்டாம். அது அவர் நம்பிச் சொன்னது. தவிர, திருப்பிச் சொல்லும்போது நாமும் அதை இரண்டாம் முறை அனுபவிக்கிறோம். "எனக்கு மனசு சரியில்லை, ஒரு டீ குடிச்சுட்டு வரேன்" என்று உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

முடியை ஒதுக்கும்போது அடிபட்ட காயம் கண்ணில் பட்டால்? அதைப் பார்க்காததுபோல் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2017 முதல், குடும்ப வன்முறையின் அடையாளங்களைக் கண்டுகொள்ளும் பயிற்சி இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கட்டாயம். புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்கே உதவி கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த எல்லை நியாயமானது. உதவி எண்ணை ஒரு சின்னச் சீட்டில் எழுதி இழுப்பறையில் வையுங்கள், தனியாக இருக்கும்போது கையில் கொடுங்கள். மற்றதை அதற்கென்று படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பாயின்ட்மென்ட் நோட்டில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள். "இந்தக் கஸ்டமரை இன்னிக்கு வேற யாராவது பார்க்க முடியுமா?" என்று ஒரு பெண் வந்து கேட்டால், எல்லார் முன்னாலும் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.