ஆறு மணிக்குப் பிறகும் ஓர் ஊர் இருக்கிறது

(மட்டக்களப்பு நகரில் மாலை நடைக்கும் உணவு உலாவுக்கும் வழிகாட்டப் பயிற்சி பெறும் இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, பெரியோர்களே, தம்பிமாரே, தங்கைமாரே, எல்லோருக்கும் மாலை வணக்கம்.

பேச அழைத்தவர்கள் எனக்குத் தந்த தலைப்பு "நகரத்தின் இரவும் உணவும்". தலைப்பைக் கேட்டதும் என் அம்மா கதவைச் சாத்தும் ஓசைதான் நினைவுக்கு வந்தது. ஆறு மணிக்கெல்லாம் சாத்திவிடுவார். விளக்கைத் தணிப்பார், வானொலியின் சத்தத்தைக் குறைப்பார், தெருவில் வாகனம் ஏதும் நிற்கிறதா என்று காது கொடுப்பார். போர்க்காலத்தில் வளர்ந்த என் தலைமுறை இந்த ஊரின் இரவைப் பார்க்காமலே வளர்ந்தது. வாவியில், அதாவது ஊரைச் சூழ்ந்த கடல்நீரேரியில், இரவு வலை வீசத் தடை இருந்த நாட்கள் உண்டு. கூத்து ஆடும் களரி போட அஞ்சிய ஆண்டுகள் உண்டு. போர் 2009இல் முடிந்தது. கதவு சாத்துகிற பழக்கம் முடியவில்லை.

சில காலத்துக்கு முன் நகரத்து விடுதி ஒன்றின் வாசலில் ஒரு நண்பருக்காகக் காத்திருந்தேன். வெளிநாட்டுத் தம்பதியர் பணியாளரிடம், இரவில் பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். "ஒன்றுமில்லை, பாசிக்குடாக் கடற்கரைக்கு நாளைக் காலையில் வாகனம் இருக்கிறது" என்றார் அவர். நம் ஊர்ப் பிள்ளைதான். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு இரவைக் காட்ட யாரும் இருக்கவில்லை.

என் தாத்தாவுக்கு இரவு என்றால் கூத்து. நெல் வெட்டி முடிந்ததும் ஊருக்கு ஊர் வட்டக்களரி எழும். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்தால் விடியும்வரை எழும்பமாட்டார்கள். சல்லரி ஒலிக்கும், ராசா வரவு வரும், காலில் சதங்கை கட்டிய பிள்ளை முதன்முதல் ஆடும்போது தாய்மார் அழுவார்கள். சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, பிட்டைப் பொதி கட்டிக்கொண்டு போவார்கள். களரியைச் சுற்றித் தேத்தண்ணீர்க் கடை, கடலைக்காரர், பீடாக்காரர். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு வரைக்கும் அந்த ஒரு வாரம் ஊர் உறங்காது. இரவு வாழ்க்கை என்றாலே மதுச்சாலை என்று வெளியுலகம் நினைக்கிறது. நமக்கு அது மத்தளமும் பாயும் பிட்டுப் பொதியும்.

வழிகாட்டும் கலையும் நமக்குப் புதிது அன்று. சங்கப் பாட்டிலே ஆற்றுப்படை என்று ஒரு வகையே இருக்கிறது. பரிசு பெற்று வரும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனிடம், "இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இன்னது சாப்பிடுவாய்" என்று சொல்வதுதான் அதன் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையில் கடற்கரைக்கு வந்தால் சுட்ட குழல்மீன். வேட்டுவர் ஊரில் புளி சேர்த்த சூடான சோறு. மருத நிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். நண்டும் சோறும்! நம் வாவிக் கரைக்காரர் ஒருவர் எழுதியது போலவே இருக்கிறது. மதுரைக்காஞ்சி இன்னும் ஒரு படி மேலே போய், மதுரையின் இரவை யாமம் யாமமாக நடத்திக் காட்டுகிறது. அல்லங்காடி என்னும் இரவுச் சந்தையைக் காட்டுகிறது. பிறகு, தேனடைபோல் வரி ஓடிய மெல்லிய அடையும் பாகு சேர்த்த மோதகமும் விற்றுக் களைத்த கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிப்போவதையும் காட்டுகிறது. பலகாரத்தைப் பாடிய புலவருக்கு அதை விற்றவரின் களைப்பும் கண்ணில் பட்டது, பாருங்கள். தம்பிமாரே, உங்கள் தொழிலின் முதல் பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி நடைக்கு வருகிறேன். காந்தி பூங்காவில் வெயில் தாழும்போது தொடங்குங்கள். அங்கே வாவியோரம் நிற்கும் வாயிலும் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையும் இருக்கின்றன. 1814இல் இந்தக் கரையில் இறங்கிய மெதடிஸ்த மிசனரி அவர். பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, ஓராண்டு நிறைவதற்குள் 1815இல் மறைந்துவிட்டார். கோட்டையைப் பற்றி ஒரு வேண்டுகோள். வெளியிலிருந்து வந்த ஒரு வழிகாட்டி, கோட்டையை ஒல்லாந்தர் கட்டியதாகச் சொல்லிக்கொண்டு போனதை என் காதால் கேட்டேன். கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். ஒல்லாந்தர் 1638 மே மாதத்தில் பிடித்தார்கள். பெயர் ஒல்லாந்தர் கோட்டை என்பதால் பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி என்பதை நின்று காட்டுங்கள். அதற்கு மேல் அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். பசி எடுக்கத் தொடங்கியிருக்கும்.

நகரின் நடுவான புளியந்தீவின் ஒழுங்கைகளில் அந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மணம் வரும். இங்கே பேசாதீர்கள். மூக்கு வேலை செய்யட்டும். தேங்காய்ப்பால் கொதிக்கிறது என்றால் சொதி. கருவாடு பொரிகிறது என்றால் யாரோ பிட்டு அவிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வாசலில் இரண்டு அடுப்பு வைத்து ஆப்பம் சுடுகிறார். மாவை ஊற்றித் தாச்சியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவார். ஓரம் வலைபோல் எழும்பி நிற்கும். மூடியில் தணல் போட்டு மூடுவார். நேரம் பார்க்கக் கடிகாரம் கிடையாது. ஓரம் தாச்சியை விட்டுப் பிரியும்போது கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் வரும், அதைக் கேட்டு எடுப்பார். வந்தவர்களை அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஆப்பத்தைத் தின்றவர் ஒரு வாரத்தில் மறந்துவிடலாம், அந்தச் சத்தத்தைக் கேட்டவர் மறக்கமாட்டார்.

பாலம் கடந்து கோட்டைமுனைப் பக்கம் வந்தால் கொத்து ரொட்டிக் கடைகள். தகரத்தில் இரண்டு இரும்புத் தகடுகள் விழும் தாளத்தைத் தூரத்திலிருந்தே கேட்கலாம். கொத்து கிழக்கிலேதான் பிறந்தது என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம். சொல்லுங்கள், ஆனால் "என்று சொல்வார்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவில் எருமைத் தயிர், மண்சட்டியோடு. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் வேண்டும். தண்ணீர்த் தயிரைக் கொடுத்து ஊரின் பெயரைக் கெடுக்காதீர்கள்.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வார்கள். மந்திரம் மாயம் என்று கதை கட்டியவர்களும் உண்டு. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். உட்காரப் பாய் போட்டு, வயிறார உண்ணத் தந்தால் எழும்ப யாருக்கு மனம் வரும்?

இன்னொரு சொல்லும் இந்த மண்ணில் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பது. நோன்பு மாதத்தில் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கு விருந்தினரைக் கூட்டிப் போங்கள். நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும் சுவைக்கட்டும். ஆனால் அந்தச் சொல்லை விளம்பரம் போலச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி அதே காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நம் நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, குழந்தைகளும் போனார்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். அந்த வாசல்களில் கூட்டத்தை நிறுத்திப் படம் எடுக்கவிடாதீர்கள். இறந்தவர்களின் வீட்டார் அதே தெருவில்தான் பாண் வாங்கப் போகிறார்கள்.

படம் என்றதும் பிற நாடுகளின் நினைவு வருகிறது. ஆம்ஸ்டர்டாமின் பழைய இரவுப் பகுதியில் சுற்றுலாக் கூட்டம் பெருகி, சன்னல்களில் நிற்கும் பாலியல் தொழிலாளப் பெண்களை வேடிக்கை காட்டும் நிலை வந்தது. 2020இல் அந்தச் சன்னல்களைக் காட்டி அழைத்துச் செல்லும் நடைகளை நகரசபை தடை செய்தது. குழுவுக்குப் பதினைந்து பேர் என்ற எல்லையும் வந்தது. ஜப்பானில் கியோத்தோவின் கியோன் பகுதியில், கெய்ஷா எனும் மரபுக் கலைப் பெண்களைத் துரத்திப் படம் எடுத்தவர்களால் பொறுமை இழந்த மக்கள் 2024இல் தங்கள் தனியார் ஒழுங்கைகளை வெளியாருக்கு மூடினார்கள். மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். முதலில் விருந்தினரை விரும்பி வரவேற்ற ஊர்கள்தாம் அவை. நம் புளியந்தீவு ஒழுங்கைகள் அவற்றைவிட ஒடுக்கமானவை. எனவே பத்துப் பேருக்கு மேல் அழைத்துப் போகாதீர்கள். ஆப்பக்கார அக்காவிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். அவர் கேட்கும் விலையைக் கொடுங்கள், ஆள் கூட்டி வந்ததற்குக் கழிவு கேட்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். கழிவு கேட்கத் தொடங்கிய நாளில் அவர் மாவில் தண்ணீரைக் கூட்டத் தொடங்குவார், வேறு வழி இருக்காது.

மொழியைப் பற்றியும் ஒன்று. ஆங்கிலத்தில் நடத்துங்கள், வருபவர்களுக்கு அது வேண்டும். நடுவே பிறகு என்பதற்கு "மறுகா" என்று சொல்லுங்கள், கொஞ்சம் என்பதற்கு "ஒல்லுப்போல" என்று சொல்லுங்கள், பொருளும் சொல்லிக் கொடுங்கள். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிற நம்மவர்களுக்கும் இந்த நடையைத் தமிழில் நடத்த வேண்டும். அவர்களுக்கும் இந்த ஊர் தெரியாது.

கடைசியாகக் கல்லடி. 1924இல் திறந்த லேடி மானிங் பாலம் அது. பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் வந்தபிறகு பழைய இரும்புப் பாலத்தில் ஆறுதலாக நடக்கலாம். அப்பால் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி. காரைதீவில் 1892இல் பிறந்தவர், தமிழிசையை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே கண்மூடினார். இசையை ஆராய்ந்தவர் பாடும் வாவியின் கரையில் உறங்குகிறார். பாடுவது மீன் என்பார் ஒரு சாரார், ஊரி என்னும் நத்தை என்பார் மறுசாரார். 1848இல் வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி தோணியில் போய்க் கேட்டுவிட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலிபோல் இருந்ததென எழுதி வைத்தார். 1950களில் லாங் என்ற இயேசுசபைப் பாதிரியார் அதை ஒலிப்பதிவே செய்தார்.

நான் முதன்முதல் கேட்டது நாற்பது வயது தாண்டிய பிறகு. வாவிக்கரையிலேயே பிறந்தவன், நாற்பது வயதில்! தோணிக்காரர் விளக்கை அணைத்தார், துடுப்பின் அகன்ற முனையைத் தண்ணீருக்குள் இறக்கினார், மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். முதலில் என் இரத்தம் ஓடும் ஓசைதான் கேட்டது. மரம் குளிர்ந்திருந்தது, மீன் வாடை. பிறகு எங்கோ கீழே ஒன்று மெல்லக் கிணுகிணுத்தது, இன்னொன்று பதில் சொன்னது, பிறகு பல. பாலத்தின் மேலே ஒரு லொறி போனதும் எல்லாம் நின்றன. லொறி போய் முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். மறுபடி தொடங்கின. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த இரவே கூட்டி வந்திருப்பேன்.

வருகிற பௌர்ணமி அன்று உங்கள் பயிற்சியின் கடைசி நாள் என்றார்கள். சித்திரைக்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட காலம்தான் கேட்க நல்லது, இப்போது அந்தக் காலம். தோணிக்காரரிடம் பேசிவிட்டேன். ஐந்தரைக்குக் காந்தி பூங்காவில் நிற்பேன், ஆப்பத்துக்குக் காசை அவரவர் கொண்டு வாருங்கள். தோணியில் துடுப்பு ஒன்றுதான் இருக்கிறது, முறை வைத்துக் கேட்போம்.