கத்தினால் பனி சரியுமா? பனிக்குள் புதைந்தவரைத் தேடும் 10 நிமிடம்

(திரையில்: அமெரிக்காவின் கொலராடோ மலை. ஒருவர் சறுக்கி இறங்குகிறார். அவருக்கு மேலே பனியில் நீளமாக ஒரு விரிசல் ஓடுகிறது.)

அந்த விரிசலைப் பார்த்தீர்களா? அவர் கத்தவில்லை, தும்மக்கூட இல்லை. சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை. ஆட்கள் சிக்கிச் சாகும் பனிச்சரிவுகளில் சுமார் 90 சதவீதத்தைத் தொடங்கி வைப்பது செத்தவரோ, கூட வந்தவரோதான். குரலால் இல்லை, உடல் எடையால்!

வணக்கம் மக்களே. பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்குள் சறுக்கினால் ஊழியர்கள் காலையிலேயே வெடி வைத்து ஆபத்தான பனியைச் சரித்துவிடுவார்கள். அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் மலைதான் பேக்கன்ட்ரி. அங்கே நமக்கு நாமே காவல்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொலராடோவில் குளிர் அதிகம், பனியின் ஆழம் குறைவு. அதனால் அடிப்பனி ஒட்டாத குருணையாக மாறிவிடும். அதன் மேல் புதுப்பனி கெட்டித் தகடாகப் படியும். சாய்வான தரையில் ரவையைக் கொட்டி, அதன் மேல் ஒரு கடப்பா கல்லை வைத்த மாதிரி. ஆள் ஏறினால் போதும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுதான் பெரும்பாலும் ஆளைக் காவு வாங்குகிறது. சாய்வை அளக்க உங்கள் போனே போதும். அபாய எச்சரிக்கையில் 5 நிலைகள் உண்டு. அதிகம் பேர் சாவது 5-இல் இல்லை, நடுவில் இருக்கும் 3-இல். 5 என்றால் யாரும் வீட்டை விட்டே கிளம்புவதில்லை. 3 என்றால் "பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறோம்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம்: டிரான்ஸீவர்.

கையடக்கப் பெட்டி. எல்லோரும் நெஞ்சோடு கட்டிக்கொள்வார்கள். 457 கிலோஹெர்ட்ஸில் விடாமல் சிக்னல் துடித்துக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். திரையில் ஒரு அம்பும், தூரத்தை ஏறக்குறைய மீட்டரில் சொல்லும் ஒரு எண்ணும் வரும். ஆனால் அந்த அம்பு புதைந்தவரை நேராகக் காட்டாது!

பள்ளியில் காந்தத்தின் மேல் இரும்புத்தூள் தூவியது நினைவிருக்கிறதா? தூள் வளைவு வளைவாக நிற்கும் அல்லவா, பெட்டியிலிருந்து வருவதும் அப்படிப்பட்ட காந்தப்புலம்தான். அம்பு அந்த வளைவைப் பிடித்துக்கொண்டே போகும். பயிற்சிக்கு வரும் புதியவர்கள் "பெட்டி கெட்டுப்போச்சு" என்று பயிற்சியாளரிடம் ஓடுவார்கள். கெடவில்லை ஐயா, எண் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எண் 3-க்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பெட்டியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் மெதுவாக நகர்த்தி, எண் எங்கே மிகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து புரோப் கம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்கி, சுருள் வடிவில் சுமார் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்திக்கொண்டே போக வேண்டும். ஆள் தட்டுப்பட்டால் கம்பியை உருவக் கூடாது. அதுதான் அடையாளம்.

தேடும்போது போனை அணைத்துவிடுங்கள். சூடாகும் மின்சாரக் கையுறைகூட சிக்னலைக் குழப்பும். செல்ஃபி பிரியர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் தோண்டல். வீடியோக்களில் யாருமே காட்டாத, நேரத்தை அதிகம் தின்கிற வேலை இதுதான். சரிந்து நின்ற பனி இறுகிவிடும், பிளாஸ்டிக் ஷவல் முறிந்துவிடும். ஆளின் தலைக்கு மேலே நின்று தோண்டினால் அவருடைய மூச்சுக்கு மிச்சமிருக்கும் கொஞ்சம் இடமும் அமுங்கிவிடும். அதனால் கம்பிக்குக் கீழ்ப்பக்கம் நின்று, மலையை நோக்கிப் பக்கவாட்டில் குடைய வேண்டும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் 10 பேரில் சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது. கூட வந்த நண்பர்தான் 108.

அதனால்தான் 3 நாள் அடிப்படைப் பயிற்சி இல்லாத ஆளோடு மலையேறுவது, என்னைக் கேட்டால், பணம் கொடுத்து வாங்கும் வம்பு. டிரான்ஸீவர் வாங்கிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்துபவரிடம் ஒன்று கேளுங்கள்: பேட்டரியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

காற்று நிரம்பி ஆளை மேலே மிதக்க வைக்கும் ஏர்பேக் பை பற்றித் தனி வீடியோ வேண்டும் என்றால் கமென்ட்டில் போடுங்கள்.