கல்லைக் காட்டுகிறீர்கள், அறிக்கையை எடுத்தீர்களா?

[காட்சி: மூடியிட்ட சிறு குப்பி, உள்ளே கற்கள்]

மூதூரிலோ கிண்ணியாவிலோ, பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரைப் பார்க்கப் போனால், இந்தக் குப்பியை எடுத்துவந்து காட்டுவார். வெட்டியெடுத்த பித்தப்பை எங்கே போனது என்று கேளுங்கள். பலருக்குத் தெரியாது.

அது ஃபோர்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் ஊறியபடி நோயியல் ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கும்.

[காட்சி: நுணுக்குக்காட்டியின் கீழ் கண்ணாடித் தகடு]

அங்கே பையைத் திறந்து, சுவரிலிருந்து துண்டுகள் எடுத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்து, அறிக்கை எழுதுகிறார்கள். புற்றுநோய் தென்படுவது பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால், கல்லால் வீங்கித் தடித்த சுவருக்குள் ஆரம்பப் புற்று ஒளிந்திருந்தால், அது ஸ்கேனிலும் தப்பலாம், சத்திரசிகிச்சை நிபுணரின் கண்ணுக்கும் தப்பலாம். பிடிபடும் இடம் இதுதான்.

[காட்சி: பித்தப்பைச் சுவரின் குறுக்குவெட்டு]

புற்று தென்பட்டால், அது சுவருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் இனிப் பேச்சு. உட்படலத்தோடு நின்றுவிட்டால், அறிக்கையில் ரி1ஏ (T1a) என்ற கட்டமாக எழுதுவார்கள். வெட்டிய விளிம்பில் புற்று இல்லையென்றால், பையை எடுத்ததே சிகிச்சை. அநேகமாக எல்லோரும் குணமடைகிறார்கள். தசைக்குள் இறங்கியிருந்தால் ரி1பி, தசையையும் கடந்திருந்தால் ரி2. குடற்சுவரில் உட்படலத்துக்கும் தசைக்கும் நடுவே இன்னொரு படை உண்டு. பித்தப்பையில் அது இல்லை. ஆகவே ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு வெகுதூரம் கிடையாது. ரி1பி முதல் பெரும்பாலும் இரண்டாவது சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள்: பித்தப்பை ஒட்டியிருந்த ஈரல் பகுதியையும் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் அகற்றுவது. அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, நோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பித்தப்பைப் புற்றுநோய் என்று இணையத்தில் தேடினால் வரும் பயங்கரமான எண்கள் பெரும்பாலும் முற்றிய நோயைப் பற்றியவை. ரி1ஏ என்று வந்தவர் அவற்றைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

[காட்சி: கிளினிக் புத்தகமும் அறிக்கையும்]

கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். விளிம்பு சுத்தமா? சத்திரசிகிச்சையின்போது பை கிழிந்து பித்தம் சிந்தியதா? சிந்திய பித்தத்தோடு புற்றுக்கலங்கள் வயிற்றறைக்குள் பரவ வாய்ப்பிருப்பதால் வைத்தியருக்கு அது முக்கியம்.

ரி1ஏயா ரி1பியா என்பதில் ஐயம் இருந்தால், இன்னொரு நோயியல் நிபுணர் அதே தகடுகளை மறுபடி பார்க்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ அனுப்பிவைத்தால், அறிக்கையோடு தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கிக் கொண்டு செல்லுங்கள். குப்பி வீட்டிலேயே இருக்கட்டும்.