ரேடியோ நெல் யாரிடம் பேசியது?

பெரியோர்களே, ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, வணக்கம். அறிவியலை மக்களிடம் எப்படிக் கொண்டு போவது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். யார் கொண்டு போகிறார், யாரிடம் போகிறார், வழியில் யாரைத் தாண்டிப் போய்விடுகிறார் என்பதையும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

காவிரி டெல்டாவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானிய ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி எடுத்த, குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல். எப்படி நடுவது, எப்போது உரம் வைப்பது என்று திருச்சி வானொலி சொல்லச் சொல்ல, தஞ்சை ஜில்லாவில் அது பரவியது. ஜனங்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். ஆனால் வானொலிப் பெட்டி தனியாக அதைச் சாதிக்கவில்லை. 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூரும் இருந்தது. விதை, உரம், கூட்டுறவுக் கடன் எல்லாம் கூடவே வந்தன.

அந்தக் கடனும் உரமும் போய்ச் சேர்ந்தது நிலம் வைத்திருந்தவரிடம். நாற்றுப் பறித்தவர், நட்டவர், கதிர் அறுத்தவரிடம் வேறொரு கேள்வி இருந்தது: மகசூல் கூடினால் எங்கள் கூலியும் கூட வேண்டாமா? இது அறிவியலின் வேலை அல்ல என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த கொடுமை அது. அந்த நெல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நிலம் யாரிடம் இருக்கிறது, கூலியை யார் தீர்மானிக்கிறார் என்பதைத் தொடாமல் புது ரகத்தைப் பற்றி மட்டும் பேசினால், அந்தப் பேச்சு சேரிக்குப் போய்ச் சேராது.

அப்புறம் மீத்தேன். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு எடுக்க 2010-இல் ஒப்பந்தம் போட்டார்கள். வாயு வெளிவர வேண்டுமானால் முதலில் படுகையில் உள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இதை யாராவது பொறுமையாகச் சொன்னால் போதும், அடுத்த கேள்வி விவசாயிக்குத் தானாக வரும். எங்கள் போர்வெல் என்னாகும்? இறைத்த தண்ணீரை எங்கே விடுவீர்கள்? இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே காலமானார். வேளாண்மை பற்றி அவர் சொன்ன சிலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 'விஷயம் தெரியாமல் பயப்படுகிறார்கள்' என்று டெல்டா மக்களைச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. விஷயம் தெரிந்ததால்தான் எதிர்த்தார்கள். 2015-இல் மாநில அரசு திட்டத்துக்குத் தடை விதித்தது.

2020 ஜனவரியில் மத்திய அரசு என்ன செய்தது? எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விதியை மாற்றியது. அதே ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தது. மற்ற மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கருத்துக் கேட்பு நடக்கும் இடங்களிலும் தமிழில் கிடைப்பது சுருக்கம்தான். நீர், மண் பற்றிய அளவீடுகள் திட்டத்தின் முழு அறிக்கையில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. அதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைக்கும் வேலையை இங்குள்ள கல்லூரிகள் எடுத்துக்கொள்ளலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்பது வரம்பு. மழை பெய்த வருஷங்களில் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும், குழு வரும், மாதிரி எடுக்கும். நெல் சாலையோரம் முளைத்துக் கிடக்கும். இயற்பியல் ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களை ஈரப்பதம் அளக்கும் கருவியோடு அங்கே அனுப்புங்கள். அது எப்படி அளக்கிறது, ஒரே மூட்டையில் ஏன் இரண்டு எண் காட்டுகிறது என்று விவசாயிக்கு விளக்கட்டும். அளந்ததை எழுதி வையுங்கள். குழு வரும்போது ஊர்க்காரர் கையிலும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். நடவுக்குப் போகிற பெண்கள் அந்த நேரம் வயலில் இருப்பார்கள். சாயங்காலம், அவர்கள் தெருவிலேயே வையுங்கள். நானும் வருகிறேன்.